நங்கூரம் வரை

பட்டறை வாசலில் கிடந்த நாற்காலி பச்சையா நீலமா என்பது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. பச்சை என்றுதான் சொல்ல வந்தேன். சொல்ல வாயெடுத்ததும் சந்தேகம் வந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நிறமும் தேதியும் என் மனதில் ஒட்டுவதில்லை. சொற்கள் ஒட்டும். யார் எந்தச் சொல்லைச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதில் நீங்கள் என்னை நம்பலாம்.

நீங்கள் நாற்காலியைப் பற்றிக் கேட்கவில்லை, தெரியும். சங்கிலியைப் பற்றிக் கேட்டீர்கள். கோபுரம் சாய்ந்து என் தங்கையின் கணவர் இறந்தபோது காற்றுதான் காரணம் என்று முடித்துவிட்டார்கள். இப்போது அந்த வழக்கை மறுபடி திறந்திருக்கிறீர்கள். திறக்க வேண்டியதுதான். வரிசையாகச் சொல்கிறேன்.

நான் ஒரு கோபுர நிறுவனத்தில் ஒப்பந்தங்கள் எழுதுகிறவன். செல்போன் கம்பெனிகளுக்குத் தங்கள் கருவிகளை மாட்ட உயரம் வேண்டும். அந்த உயரத்தைக் கட்டி வாடகைக்கு விடுவது எங்கள் நிறுவனம். நிலம் ஒருவருடையது, கோபுரம் எங்களுடையது, மேலே தொங்குபவை மூன்றாம் ஆளுடையவை. பார்ப்பதற்கு ஒரே பொருளாக நிற்கும். அதற்குள் ஒருவருடைய உரிமை எங்கே முடிகிறது, இன்னொருவருடைய பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவது என் தொழில். உங்கள் கண்ணுக்கு இரும்பு தெரியும். எனக்குக் கோடு தெரியும்.

ஜனங்கள் டவர் என்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் போனில் சிக்னல் வராவிட்டாலும் ‘டவர் இல்லை’ என்கிறார்கள். டவர் அங்கேயேதான் நிற்கும், அலைதான் வந்து சேரவில்லை. இதை என் தங்கைக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். “சரிண்ணா. டவர் இருக்கு, ஆனா டவர் இல்ல. போதுமா?” என்பாள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நானும் அவளும்தான். எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. மாலையில் முன்னறையில் ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்வோம். அவள் பக்கம் புரட்டுவது கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து நான் புரட்டுவேன். பல மாலைகளில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அவள் சந்தோஷமாக இருந்தாளா என்று கேட்டீர்கள். அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

மாப்பிள்ளை வெல்டர். எங்கள் வீட்டு இரும்புக் கேட்டின் கீல் கிறீச்சிடுகிறது என்று நான்தான் கூப்பிட்டேன். நல்ல வேலைக்காரர். அவர் கை பட்ட பிறகு அந்தக் கேட் சத்தமே இல்லாமல் திறந்தது. அதனால்தான், அவள் அதைத் திறந்துகொண்டு அவரைப் பார்க்கப் போனது எனக்கு வெகுநாள் கேட்கவில்லை.

அவரைப் பற்றி நான் தவறாக எதுவும் சொல்ல மாட்டேன். நாள் முழுக்கக் கிரைண்டர் சத்தத்தில் நிற்கிறவர் என்பதால் எதையும் இரைந்துதான் பேசுவார். பேசாத நேரத்தில் விசிலடிப்பார். கல்யாணம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, வந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார்: “மச்சான், எல்லாத்துக்கும் கோடு போடுவீங்களே. தங்கச்சி எதுவரைக்கும் உங்க பொறுப்பு, எங்கேருந்து என் பொறுப்பு? இப்பவே எழுதிக் குடுத்துடுங்க, பின்னால சண்டை வேண்டாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. அதற்கு முன்னால் அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

பட்டறையின் பின்னால் அவருக்குக் கொஞ்சம் காலி நிலம் இருந்தது. அந்தப் பகுதியில் எங்களுக்கு ஒரு கோபுரம் தேவைப்பட்டது. தங்கைக்கு உதவியாக இருக்கட்டும் என்று நானே சிபாரிசு செய்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் மனதில் அப்போது எதுவும் இல்லை.

அது ஒல்லியான கோபுரம். தானாக நிற்காது. மூன்று பக்கமும் ஸ்டே கம்பிகள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பியும் தரையில் புதைத்த சிமென்ட் கட்டையில், ஒரு இரும்புக் கொக்கியில் வந்து முடியும். அந்தக் கட்டைக்கும் கொக்கிக்கும் ஒப்பந்தத்தில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் நங்கூரம். மூன்றில் ஒன்று விட்டாலும் கோபுரம் நிற்காது. விட்டது எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் சாயும். மூன்றாவது நங்கூரம் நிலத்தின் கடைசியில், வேலியோரம் இருந்தது. அதற்கு நேர் எதிரே பட்டறை.

எங்கள் ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு வாசகம் வரும். ‘கோபுரத்தின் உச்சி முதல் நங்கூரம் உட்பட அனைத்தும் நிறுவனத்தின் பொறுப்பு. நங்கூரத்துக்கு அப்பால் வேலி வரை நிலத்துக்காரரின் பொறுப்பு.’ மாப்பிள்ளையின் ஒப்பந்தத்தில் மட்டும் இடநெருக்கடி வந்தது. அவருடைய நிலத்தின் எல்லை விவரம் கொஞ்சம் நீளம். கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளிப்போனது. கையெழுத்து மட்டும் தனியாக ஒரு பக்கத்தில் நிற்பது பார்க்க நன்றாக இருக்காது. அதனால் ‘நங்கூரம் உட்பட அனைத்தும்’ என்பதைச் சுருக்கி ‘நங்கூரம் வரை’ என்று எழுதினேன். ஒரே பக்கத்தில் முடிந்தது. அழகாகத்தான் இருந்தது.

‘வரை’ என்ற சொல்லை நீங்கள் யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா தெரியவில்லை. பத்தாம் பக்கம் வரை படித்தேன் என்கிறோம். பத்தாம் பக்கத்தைப் படித்தேனா இல்லையா? வாசல் வரை வந்தார் என்கிறோம். வாசலில் கால் வைத்தாரா? கேட்கிறவர் மனதுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். ‘அப்பால்’ என்ற சொல்லில் அந்தக் குழப்பம் இல்லை. அது நங்கூரத்தைத் தெளிவாக வெளியே விட்டுவிடுகிறது. ஆக, ‘வரை’ என்பதும் நங்கூரத்தை விட்டுவிட்டால், அந்தக் கட்டையும் கொக்கியும் யாருடைய பொறுப்பும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொருளை நான் உலகத்தில் உண்டாக்கியிருந்தேன். அப்போது அது எனக்கே தெரியாது.

குருவி வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. கோபுரம் ஏறிப் பார்த்து வரும் ஆளுக்கு ஆபீசில் எல்லாரும் வைத்த பெயர் குருவி. என் மேஜைக்கு முன்னால் நின்று, “சார், பட்டறை டவர்ல மூணாவது கொக்கியை எலி தின்ன மாதிரி இருக்கு,” என்றார்.

“எலி இரும்பு தின்னாது.”

“தின்னா இப்படித்தான் சார் இருக்கும்.”

மண்ணோடு ஒட்டின இடத்தில் துரு உள்ளே போயிருந்தது. கொக்கியை மாற்ற வேண்டும். பராமரிப்புப் பிரிவு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தது, தலையைச் சொறிந்தது, பொருள் சொல்லும்படி என்னிடம் அனுப்பியது. எழுதினவனும் நான், பொருள் சொல்ல வேண்டியவனும் நான். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் போட்டேன். அது பொய் இல்லை. தினமும் பரிசீலித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு வரியில் திருத்தம் போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டிருக்கலாம். தேநீர் ஆறுவதற்குள் முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சொல்லைத் தனியே வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. வாழ்க்கையில் நான் செய்த பிழைகள் குறைவு. செய்த ஒன்று இவ்வளவு ஆழமானதாக இருந்தபோது அதைக் கைவிட மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையைப் பார்க்கப் போவேன். பட்டறைக்கு மேலேயே அவர்கள் குடியிருந்தார்கள். அவள் நிறையப் பேசக் கற்றிருந்தாள். பட்டறைக்கு வருகிறவர்களைப் போலப் பேசிக் காட்டுவாள், அவர் விழுந்து விழுந்து சிரிப்பார், பிறகு அவளும் சிரிப்பாள். அவளுடைய சிரிப்பு எனக்குப் பழக்கமில்லை. அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அதற்கு ஒரு தேவை வந்ததில்லை. நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். “ஏண்ணா, வாயைத் திறந்தா வார்த்தை கீழ விழுந்து உடைஞ்சிடுமா?” என்றாள் ஒருநாள். முன்பெல்லாம் அவள் அப்படிக் கேட்டதில்லை. புத்தகங்கள் என்ன ஆயிற்று என்று கேட்டேன். மேலே பரணில் இருப்பதாகச் சொன்னாள்.

குருவி மாப்பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை என்னிடம் வந்தார். “மச்சான், அந்தக் கொக்கி அரை மணி வேலை. நானே பத்த வெச்சுடறேன்.”

தொடாதீர்கள் என்றேன். இன்னும் யாருடையது என்று முடிவாகவில்லை, தொட்டால் உங்களுடையதாகிவிடும் என்று விளக்கினேன்.

“தொட்டா எனக்கா? அப்ப நான் போய் நாலு பங்களாவைத் தொட்டுட்டு வந்துடறேன்,” என்றார்.

அடுத்த முறை போனபோது வேலியோரம் ஒரு சங்கிலி தெரிந்தது. கனத்த சங்கிலி. ஒரு முனையைக் கொக்கிக்கு மேலே ஸ்டே கம்பியில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார். மறுமுனையைச் சற்றுத் தள்ளித் தானே புதைத்த தண்டவாளத் துண்டில் கட்டியிருந்தார். சங்கிலி லேசாகத் தொய்ந்து கிடந்தது. கொக்கி விட்டால்தான் அது இழுத்துப் பிடிக்கும். கொக்கியில் அவர் கை வைக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டிருந்தார், அவர் வழியில்.

“யாரைக் கேட்டு மாட்டினீங்க?”

“கொக்கியைத்தான் கேட்டேன். பாவம், அழுதுச்சு மச்சான்.”

நிறுவனத்தின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் கோபுரத்தோடு எதையும் இணைக்கக் கூடாது என்பதையும், இணைத்தால் நிறுவனம் அதை அகற்றலாம் என்பதையும் எடுத்துச் சொன்னேன். பக்கத்தில் நின்ற தங்கை, “அண்ணா, அதுக்குக் கீழதான் நாங்க தூங்கறோம்,” என்றாள். மாப்பிள்ளை அவள் தோளில் கை போட்டுக்கொண்டு, “விடும்மா. மச்சான், உங்களுக்கு உறுத்துச்சுன்னா நீங்களே கழட்டிக்குங்க. ஸ்பேனர் அங்கதான் கிடக்கு,” என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார். சம்மதம் எந்த முகத்தோடு கொடுக்கப்பட வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

இனி அந்த நாள். அன்று எனக்குக் காய்ச்சல் இருந்ததா என்பதில் இப்போது சந்தேகமாக இருக்கிறது. உடம்பு சுடுவது போல இருந்தது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. பலத்த காற்று வரப்போகிறது என்ற அறிவிப்பு காலையிலேயே ஆபீஸ் போன்கள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. அறிவிப்பு முதலில் வந்ததா, காய்ச்சல் முதலில் வந்ததா என்று கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. தங்கைக்குப் போன் செய்து, முடியவில்லை, வந்து இரண்டு நாள் கூட இரு என்றேன். நானே வந்து கூட்டிப் போகிறேன் என்றும் சொன்னேன்.

நான் போனபோது அவள் மேலே துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை முகத்தில் மறைப்பைப் போட்டுக்கொண்டு, தெருவுக்கு முகம் காட்டி, கிரைண்டரை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்கு எப்போதும் பிடிக்காது. அன்று உதவியாக இருந்தது. பின்பக்கம் போனேன். ஸ்பேனர் அவர் சொன்ன இடத்திலேயே கிடந்தது. கிளாம்பில் நட்டுகள் நன்றாக முறுக்கப்பட்டிருந்தன, கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. சங்கிலியைச் சுருட்டி ஒரு துணிப்பையில் போட்டு வண்டியின் பின்னால் வைத்தேன். ஸ்பேனரை எடுத்த இடத்திலேயே வைத்தேன். மற்றவர் பொருளை நான் இடம் மாற்றுவதில்லை.

தங்கை ஏறி உட்கார்ந்ததும், “என்னண்ணா, கையெல்லாம் துரு?” என்றாள். ஆமாம் என்றேன். கைக்குட்டை கொடுத்தாள்.

மாப்பிள்ளை மறைப்பைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு வண்டி ஜன்னலில் வந்து குனிந்தார். “காய்ச்சல்காரர் வண்டி ஓட்டிக்கிட்டு வந்து நர்ஸைக் கூட்டிட்டுப் போறாரு. நல்ல ஆஸ்பத்திரி.” பிறகு, “நானும் வரட்டா மச்சான்? நைட்டு ஒத்தாசையா இருக்கும்,” என்றார்.

வேண்டாம், உங்களுக்கு வேலை இருக்கும் என்றேன்.

“வேலை என்ன வேலை. காத்து வருதாமே. வந்தா வரட்டும், சங்கிலி இருக்கு,” என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை. மௌனத்தை ஒருவரும் பொய் என்று சொல்ல முடியாது. அவர் வண்டியின் கூரையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு உள்ளே போனார். அப்போதுதான் அந்த நாற்காலியைப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அதைக் காற்றுக்கு முன்னால் உள்ளே எடுத்து வைக்க வேண்டும் என்று அவரிடம் தங்கை கத்திச் சொன்னாள். அதற்குள் அவர் கிரைண்டரை ஓட விட்டிருந்தார்.

பிற்பகலில் காற்று வந்தது. வீட்டு ஜன்னல்களைச் சாத்தினோம். தங்கை எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். பரணில் கிடந்த புத்தகங்களில் ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள், என்னைத் திருப்திப்படுத்தத்தான். முன்னறையில் உட்கார்ந்தோம். அவள் ஒரு பக்கம் புரட்டினாள். நான் ஒரு பக்கம் புரட்டினேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பிற்பகல் மறுபடி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பிறகு அவள் அவருக்குப் போன் செய்தாள். காதில் வைத்தாள், எடுத்துப் பார்த்தாள், ஜன்னலோரம் போய் உயர்த்திப் பிடித்தாள்.

“டவர் இல்லண்ணா,” என்றாள்.

அந்தச் சொல்லை அவள் சரியாகப் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை. எங்கள் தெருவுக்கு அந்தக் கோபுரம்தான். நான் அவளைத் திருத்தவில்லை.

அவர் பட்டறைக்குள் இருந்தார். கோபுரம் மாடியை நொறுக்கிக்கொண்டு பட்டறையின் குறுக்கே விழுந்திருந்தது. வலி தெரிந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். கொக்கி துருவில் அற்றுப்போனதை விசாரிக்க வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டியது. நிலத்துக்காரரோ உயிரோடு இல்லை. ‘வரை’ என்ற சொல்லில் எல்லாரும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடைசியில் காற்று என்று எழுதினார்கள். காற்று எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அதன்மேல் எதையும் சுமத்தலாம்.

தங்கை என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அழுது முடித்த பிறகு அவள் பேசவில்லை. மாலைகளில் முன்னறையில் உட்கார்வாள். மடியில் புத்தகம் திறந்தே கிடக்கும். பக்கம் புரளாது. அதனால் என்ன, அவள் அங்கே இருந்தாள். நான் இருவருக்குமாகச் சேர்த்துப் புரட்டினேன். அந்த மாதங்கள் எங்களுக்கு நல்லவையாக இருந்தன என்று நான் இன்னமும் நினைக்கிறேன்.

சங்கிலி விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. அகற்றிய பொருளை உரியவரிடமோ அவர் இல்லாவிட்டால் வாரிசிடமோ ஒப்படைக்க வேண்டும். இதுவும் நான் எழுதிய வாசகம்தான். சங்கிலியைத் துரு போகத் தேய்த்து, எண்ணெய் போட்டு, கிளாம்போடு சேர்த்து ஒரு காலையில் அவள் முன்னால் மேஜையில் வைத்தேன். இது உன்னுடையது என்றேன்.

அவள் சங்கிலியைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“அன்னைக்கு உங்க கையில துரு இருந்துச்சு,” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே அண்ணா.”

“வரட்டான்னு கேட்டார். நான்தான் வேண்டாம்னேன். நீயும் வண்டியிலதானே இருந்தே?”

அவள் சங்கிலியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கேட் சத்தம் போடவில்லை. மாப்பிள்ளை நல்ல வேலைக்காரர் என்று சொன்னேன் அல்லவா. அவள் நேராக உங்களிடம் வந்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் எதிர்பார்க்கிற வாக்கியத்தை நானே சொல்லிவிடுகிறேன். கொக்கி தாங்காது என்று எனக்குத் தெரியும். காற்று வரும் என்று தெரியும். சங்கிலியை நம்பி அவர் கீழே இருப்பார் என்றும் தெரியும். அவர் சாக வேண்டும் என்றுதான் அதைக் கழற்றினேன். கல்யாணத்தன்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தது, அவ்வளவுதான். தங்கை என் பொறுப்பு. அதில் ‘வரை’ என்று ஒரு சொல்லே கிடையாது.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிட்டால் முடிந்தது. நிறுவனம் அடுத்த தெருவில் தானாக நிற்கிற கோபுரம் ஒன்றைக் கட்டிவிட்டது. எல்லா ஒப்பந்தங்களிலும் ‘நங்கூரம் உட்பட’ என்று பெரிய எழுத்தில் போடுகிறார்களாம். கையெழுத்து அடுத்த பக்கத்துக்குப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். குருவி ஏறுவதை நிறுத்திவிட்டார். ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறார். பட்டறைக்குப் புதுக் கூரை போட்டு, மாப்பிள்ளையோடு வேலை பார்த்தவரை வைத்துத் தங்கை நடத்துகிறாள். வாசலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பேசுகிறாளாம். உங்களிடமும் வெகு நேரம் பேசினாளாமே. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாற்காலி பச்சைதான் என்று நீங்கள் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் இங்கே உங்கள் காவலில் இருக்கிறேன். இங்கே அமைதிக்குக் குறைவில்லை. வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. அவளுடைய புத்தகத்தில் விட்ட பக்கத்தில் அடையாளம் வைத்து முன்னறை மேஜையில் வைத்திருக்கிறேன். அவள் திரும்பி வரும் வரை அதை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.